ஏல மண்டபத்தில் ஒரு பொன்னாடை

எங்கள் தொகுதியின் காங்கிரஸ் சபை உறுப்பினரை, நம் கணக்கில் சொன்னால் எம்.பி.யை, முகமாகத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் குரலாகத்தான் எனக்குத் தெரியும். டெக்சாஸின் மேற்குப் பக்கத்தில், பருத்தியும் மாடும் எண்ணெய்க் கிணறும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு சிறிய ஊரில் நான் குழந்தைகள் டாக்டராக இருந்தேன். கிளினிக்கின் முன்னறையில் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை காலையில் அவர் பேசுவார். அவர் பேச ஆரம்பித்ததும் முன்மேஜையில் உட்காரும் பெண் சத்தத்தைக் கூட்டுவாள். உள்ளே நான் ஏதாவது ஒரு குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு, மூச்சு சரியாகக் கேட்கிறதா என்று கவனிக்க முடியாமல் நின்றுகொண்டிருப்பேன்.

சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது. வாஷிங்டனில் இருப்பவர்களில் பாதிப் பேர் திருடர்கள், மீதிப் பேர் முட்டாள்கள் என்பார். தன் கட்சிக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்வார். துப்பாக்கியைத் தொட விடமாட்டேன், வரியைக் கூட்ட விடமாட்டேன் என்பார். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஈராக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் அங்கே போயிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அவர், "அந்த நாடுகளிலிருந்து வருகிற ஆண்களுக்குக் கொஞ்ச காலம் கதவைத் திறக்க வேண்டாம். நல்லவனா கெட்டவனா என்று நாம் கண்டுபிடிக்கும்வரை அவனவன் தன் வீட்டில் இருக்கட்டும்" என்றார். அன்றைக்கு என் கணவர் ராயப்பேட்டையில் தன் வீட்டில்தான் இருந்தார்.

அவர் சொன்ன நாடுகளில் இந்தியா இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் சென்னையில் விசா கேட்டுப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பார்த்தது நாட்டை அல்ல, எங்கள் முஸ்லிம் பெயரைத்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாமியாருக்கு ஆபரேஷன். மூன்று வாரத்தில் வந்துவிடுவேன் என்று போனவர். பாஸ்போர்ட்டில் புது விசா குத்தித்தான் திரும்ப வர முடியும், அது எல்லோருக்கும் உள்ள விதி. என் கணவருக்கு மட்டும், பாதுகாப்புச் சோதனை இருக்கிறது, முடிந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். மாமியார் எழுந்து நடமாடி, சமையலறைக்குப் போய், மகனுக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டார். சொல்லி அனுப்பத்தான் ஆளில்லை.

எங்களைப் போன்ற வெளிநாட்டு டாக்டர்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. இங்கே படிப்பை முடித்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் டாக்டர்கள் வர மறுக்கிற ஏதாவது ஒரு பட்டிக்காட்டில் மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும். உத்தமபாளையத்தில் பிறந்த நான் இப்படித்தான் மாடுகளுக்கு நடுவே வந்து சேர்ந்தேன். பாதியில் விட்டுவிட்டுப் போனால் மொத்தமும் போச்சு. அதனால் நான் சென்னைக்குப் போய் அவருடன் உட்கார்ந்துகொள்ளவும் வழியில்லை. போனால் என்னையும் திரும்ப விடுவார்களா என்கிற பயம் வேறு.

தினமும் காலை ஆறு மணிக்கு என் கணவர் போன் செய்வார். "ஏதாவது தெரிஞ்சுதா?" என்று நான் கேட்பேன். "பெண்டிங்" என்பார். ஆறு வயது மகள் பல் தேய்த்துக்கொண்டே வந்து, "இஸ் ஹீ கமிங்?" என்று கேட்பாள். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள். அவள் கேட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. கேட்காமல் விட்டபோது, கேட்டால் தேவலை என்று இருந்தது.

துணைக்கு என்னைப் பெற்ற அத்தா வந்தார். அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு அதே அலுவலகத்தில் இரண்டு கேள்வியில் விசா கொடுத்துவிட்டார்கள். மருமகனுக்குக் கிடைக்காதது தனக்குக் கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் வெட்கம், நிறையப் பெருமை. அத்தா ஊரில் வாழைக்காய் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். ஆனால் அவருடைய உண்மையான தொழில் மனு கொடுப்பது. ரோடு, குடிதண்ணீர், பள்ளிவாசல் தெருவுக்கு விளக்கு என்று எந்தக் கட்சி ஆண்டாலும் போய் நிற்பார். எந்த எம்.எல்.ஏ. எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவார், யாரைப் பிடித்தால் உள்ளே விடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"இங்க உங்க எம்.பி. யாரும்மா?" என்று வந்த மறுநாளே கேட்டார்.

நான் சொன்னேன். அவர் ரேடியோவில் பேசுவதையும் சொன்னேன்.

"அது மேடைப் பேச்சு. அத விடு. ஆள எங்க பாக்கலாம்?"

அத்தா வருவதற்கு முன்பே நான் அந்த உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். தொகுதி மக்களுக்கு அரசாங்கத்தில் ஏதாவது சிக்கிக்கொண்டால் கேட்டுச் சொல்வதற்கென்று அங்கே ஆட்கள் உண்டு. ஓட்டு உள்ளவர், இல்லாதவர் என்று பார்ப்பதில்லை. ஒரு இளைஞன் மரியாதையாக உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டான். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னான். விசாரித்தும் சொன்னான். பதில் அதேதான், பெண்டிங்.

இதைக் கேட்ட என் நாத்தனார் இன்னொரு மாநிலத்தில், ஃப்ரீமான்ட்டிலிருந்து போனில் பதறினாள். "அண்ணி, உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா? அந்தாளு நம்மளப் பத்தி என்னென்ன பேசுறாரு தெரியுமில்ல? நீங்களா போய் எங்க வீட்டு ஆம்பளை இவருன்னு காட்டிக் கொடுக்கறீங்க. சும்மா வெயிட் பண்ணுங்க. தானா கிளியர் ஆயிடும்." அவள் இருக்கும் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீடு நம் ஆட்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு வெயிட் பண்ணுவது சுலபம். ஆனாலும் அவள் சொன்னது என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. ஒருவேளை நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று கிளினிக்கில் கை கழுவும்போதெல்லாம் நினைத்தேன்.

அத்தா வேறு மாதிரி நினைத்தார். "ஆபீஸ்ல குடுத்த மனு ஆபீஸ்லதாம்மா கெடக்கும். ஆளு மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

ஆகஸ்டில் காங்கிரஸுக்கு விடுமுறை. உறுப்பினர்கள் அவரவர் தொகுதிக்கு வந்து ஊர் ஊராகக் கூட்டம் போடுவார்கள். எங்கள் ஊரில் கூட்டம், மாடுகளை ஏலம் விடுகிற மண்டபத்தில். வெளியே நூற்றுப் பத்து டிகிரி வெயில் கொளுத்தியது. உள்ளே சாணி வாடையும், தட்டுத்தட்டாக எடுத்துப் போகிற புகையிட்ட மாட்டுக்கறியின் வாசனையும். வாசலில் ஒரு ஷெரிஃப் ஆள், அதாவது உள்ளூர்ப் போலீஸ்காரர், இடுப்பில் துப்பாக்கியோடு நின்று எல்லோரையும் பெயர் சொல்லி நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அத்தா தும்பைப்பூ மாதிரி வேட்டி, முழுக்கைச் சட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் மஞ்சள் பை. பேண்ட் போடச் சொல்லி வீட்டில் நடத்திய போரில் நான் தோற்றிருந்தேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தது எவ்வளவு நல்லது என்று தோன்றியது.

முதலில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரு பாதிரியார் ஜெபம் செய்தார். ஜெபம் என்றதும் அங்கிருந்த ஆண்கள் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். அத்தா மட்டும் ஜெபம் என்று புரிந்ததும் தன் தொப்பியை நன்றாக இழுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டார். பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மறுபடியும் செருமினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தா கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கைகளை ஏந்தி, பாதிரியார் முடித்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி "ஆமீன்" என்றார்.

உறுப்பினர் பேச வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் சிவந்த கழுத்து, ரேடியோவில் கேட்ட அதே குரல். தண்ணீர், மாட்டு விலை, பள்ளிக்கூடம் என்று கேள்விகள் போய்க்கொண்டிருந்தன. யார் வயலில் கிணறு வற்றியது என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருந்தார். எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. மைக்குக்கு முன்னால் வரிசையில் போய் நிற்கலாமா என்று நினைத்தபோது ஒரு பெரியவர் எழுந்து, தன் பேரன் போருக்குப் போயிருப்பதாகச் சொல்லி, அந்த ஆட்களை இன்னும் ஏன் உள்ளே விடுகிறீர்கள் என்று கேட்டார்.

"என்னைக் கேட்டால் ஒருத்தரையும் விடமாட்டேன்" என்றார் அவர். மண்டபமே எழுந்து கை தட்டியது. மாட்டை ஏலம் விடுகிற இரும்புக் கம்பிகள் அதிர்ந்தன.

அவ்வளவுதான். போய்விடலாம், யாரும் கவனிப்பதற்குள் காரில் ஏறிவிடலாம் என்று அத்தா பக்கம் திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது.

அத்தா மேடையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கைதட்டலை அவர் வேறுவிதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார். கூட்டம் எழுந்து கை தட்டினால் நம் ஊரில் அதுதான் மரியாதை செய்கிற நேரம். நடந்துகொண்டே வலது கையை மஞ்சள் பைக்குள் விட்டார். கைதட்டல் முன்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக அடங்கியது. வாசலில் நின்ற ஷெரிஃப் ஆள் இப்போது நடைபாதையில் இருந்தார். அவர் கை இடுப்புக்குப் போனதை நான் பார்த்தேன். "அத்தா!" என்று கத்தினேன். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது என்ன மொழியாகக் கேட்டிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

பையிலிருந்து வந்தது பொன்னாடை. சிவப்பு நிறம், கையகலச் சரிகை. பெரிய ஆளைப் பார்க்க வெறுங்கையோடு போவதா என்று தேனியில் வாங்கி, எனக்குத் தெரியாமல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அதை உதறி விரித்து, கால் விரலில் எம்பி நின்று, அந்த உயரமான மனிதரின் தோளில் போர்த்திவிட்டார். போர்த்திவிட்டு, படம் எடுக்க யாராவது வருகிறார்களா என்று பழக்கத்தில் சுற்றிப் பார்த்தார்.

ஷெரிஃப் ஆளின் கை இன்னும் இடுப்பில்தான் இருந்தது. நான் ஓடினேன்.

"இது என்ன சார்?" என்று உறுப்பினர் அத்தாவிடம் கேட்டார்.

"ரெஸ்பெக்ட் சார்" என்றார் அத்தா. "மை பிளேஸ், பிக் மேன், வீ புட்."

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண், "அது நம்ம டாக்டருடைய அப்பா!" என்று குரல் கொடுத்தாள். அவள் மகனுக்கு இழுப்பு வரும். பல தடவை என்னிடம் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் ஷெரிஃப் ஆள் கையை எடுத்தார்.

உறுப்பினர் சரிகையைத் தடவிப் பார்த்தார். பிறகு அத்தாவைப் பார்த்துச் சிரித்தார். தோளில் யாராவது துணி போட்டால் பின்னாலேயே ஒரு விண்ணப்பம் வரும் என்பது எந்த நாட்டு அரசியல்வாதிக்கும் தெரியும் போலிருக்கிறது. உள்ளங்கையால் மைக்கை மூடிக்கொண்டு, "இவருக்கு என்ன வேண்டும் டாக்டர்?" என்று என்னிடம் கேட்டார்.

சொன்னேன். கணவர், சென்னை, ஏழு மாதம், மகள் கேட்பதை விட்டுவிட்டாள் என்று முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். எங்கள் மதம் என்ன என்று அவர் கேட்கவில்லை. அத்தாவின் தொப்பி அவர் கண்ணெதிரே இருந்தது.

"அவரை நான் நம்பலாமா? பின்னால் என்னை வெட்கப்பட வைக்க மாட்டாரே?"

அந்தப் பயத்திலும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "காலியாக இருக்கும் ரோட்டிலும் வேக வரம்புக்குக் கீழேதான் ஓட்டுவார்" என்றேன்.

"டெக்சாஸில் அதுதான் சந்தேகத்துக்குரியது" என்றார். கையை மைக்கிலிருந்து எடுத்தார். கூட்டம் முடிகிறவரை பொன்னாடையைக் கழற்றவில்லை. அதைப் போர்த்திக்கொண்டே எல்லையில் ஆட்களை நிறுத்துவது பற்றி இன்னும் கால் மணி நேரம் பேசினார்.

காரில் அத்தாவைப் பிடிபிடியென்று பிடித்தேன். இது உங்க ஊரா, அந்தாள் துப்பாக்கிய எடுக்கப் போனது உங்களுக்குத் தெரியுமா என்று கத்தினேன். அத்தா வெளியே பருத்தியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"சுட்ருப்பானாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா."

பையைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். பொன்னாடைக்குப் பிறகு கையில் கொடுப்பதற்காக வைத்திருந்தது; தூரத்திலிருந்து பார்த்தால் கைக்குண்டு மாதிரி இருக்கும். "அப்ப இத மொதல்ல எடுக்காம இருந்ததே நல்லதாப் போச்சு" என்றார். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அத்தா பழத்தை மறுபடி பைக்குள் போட்டு, பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம், காலை ஆறு மணிக்கு, என் கணவர் "பெண்டிங்" என்று சொல்லவில்லை. "வரச் சொல்லிட்டாங்க" என்றார். எந்த வழியில், யார் யாரிடம் பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டாலஸ் விமான நிலையத்தில் அவரைத் தனியாக ஓர் அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். கூட வந்தவர்கள் எல்லோரும் போய், துடைக்கிறவர்கள் வந்து தரையைத் துடைத்த பிறகுதான் வெளியே வந்தார். மெலிந்திருந்தார். மகள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் கையை விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ரேடியோவில் எங்கள் கதை வந்தது. பெயர் சொல்லவில்லை. "நம் ஊர் டாக்டரின் புருஷன். நான் விசாரித்தேன், நல்ல மனிதர், கொண்டுவந்தேன். இப்படித்தான் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இங்கே ஒரு ஆள் பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்க ஆளில்லாதவர்களை உள்ளே விடக் கூடாது" என்றார். முன்மேஜைப் பெண் கதவைத் திறந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். நானும் சிரித்துவைத்தேன். பொறுப்பேற்க ஆளில்லாமல் ராயப்பேட்டையில் இன்னும் எத்தனை பேர் காலையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

அத்தா ஊருக்குத் திரும்பினார். என் கணவர் மாறிப்போயிருந்தார். முன்பெல்லாம் அந்தக் குரலைப் போலவே பேசிக்காட்டி என்னைச் சிரிக்கவைப்பவர். இப்போது அந்த உறுப்பினரின் கூட்டம் எங்கே நடந்தாலும் போனார். பக்கத்து ஊர்களுக்கும் ஓட்டிக்கொண்டு போனார். முன்வரிசையில் உட்காருவார். முடிந்ததும் போய்க் கை குலுக்குவார். கை குலுக்கும்போது உறுப்பினர், "எப்படி இருக்கிறாய் மகனே?" என்று தோளில் தட்டுவார். அந்த ஆட்களை விடக் கூடாது என்று அவர் பேசுகிற கூட்டங்களில் என் கணவர் தன் முகம் மேடைக்குத் தெரியும்படி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை. எனக்குக் கோபம். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மூன்று வருடக் கெடு முடிந்தது. ஃப்ரீமான்ட்டில் ஒரு பெரிய கிளினிக்கிலிருந்து எனக்கு வேலை வந்தது. நல்ல சம்பளம், நாத்தனார் வீடு பத்து நிமிடம், ஹலால் கறிக்கடை, மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு. நான் மனதுக்குள் பெட்டி கட்டிவிட்டேன். காபியை என் கணவர் முன்னால் வைத்துவிட்டு, "எப்ப கெளம்பலாம்?" என்றேன்.

அவர் காபியைத் தொடவில்லை. "இங்கயே இருந்துடலாம்" என்றார்.

"எதுக்கு? இங்க என்ன இருக்கு?"

"அடுத்த தடவை அம்மாவுக்கு ஏதாவது ஆனா நான் போகணும். போனா மறுபடி அதே விசா ஜன்னல்ல போய் நிக்கணும்."

"அங்கயும் எம்.பி. இருப்பாரு. அவரு இந்த மாதிரி பேசவும் மாட்டாரு. நம்ம பக்கம்தான் பேசுவாரு."

"பேசுவாரு. அவருக்கு நம்மள மாதிரி ஆயிரம் பேரு. என் மூஞ்சி அவருக்குத் தெரியாது."

"இவருக்குத் தெரியும், சரி. உங்கள மாதிரி ஒருத்தனையும் உள்ள விடக் கூடாதுன்னு சொல்றவரே இவருதான!"

"ஆமா" என்றார். குரலை உயர்த்தவில்லை. "ஆனா நான் திரும்பி வரலைன்னா, எங்க அவன்னு கேப்பாரு."

மறுநாள் நாத்தனாருக்குப் போன் செய்து, நாங்கள் வரவில்லை என்றேன். ஏன் அண்ணி என்று கேட்டாள். இங்கே ஸ்கூல் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.